இரட்டைப் பொறிகளில் ஒன்று பிந்துவது ஏன்?

ஒரே நாளில் வாங்கிய இரு கடிகாரங்களில் ஒன்று பிந்தினால், பிந்துகிற கடிகாரத்தையே நாம் குறை கூறுகிறோம். கணினியிலும் அவ்வாறே செய்கிறோம். ஒரே வகைச் சர்வர்கள் இரண்டு, ஒரே அளவு நினைவகம், ஒரே மென்பொருள், ஒரே அமைப்புக் கோப்பு. ஆயினும் ஒன்று நொடியில் விடை தருகிறது. மற்றொன்று நம்மைக் காக்க வைக்கிறது. இதற்குக் காரணம் யாது? பெங்களூரிலும் ஹைதராபாத்திலும் புனேயிலும் நம்மவர் பலர் இத்துறையில் பணிபுரிகின்றனர். ஏனையோரும் ரயில் முன்பதிவு, வங்கி, ரேஷன் என்று தரவுத்தளங்களின் முன்னே நாள்தோறும் காத்து நிற்கிறோம். ஆதலின் இதனை அறிவது அனைவருக்கும் பயன் தரும்.

மொழிபெயர்ப்புப் பணியில் நான் கண்ட நிகழ்ச்சி ஒன்றைக் கூறுகிறேன். ஏறத்தாழ ஐந்து லட்சம் தமிழ்ச் சொற்கள் கொண்ட கலைச்சொல் தொகுப்பு ஒன்று, போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தளத்தில் எங்களிடம் இருந்தது. அதன் படியொன்று வேறொரு நகரத்துக் கிளைக்கும் அனுப்பப்பட்டது. தமிழ்ச் சொல் உருபேற்றுப் பலவாறு திரியுமாதலால், ‘இவ்வெழுத்துக்களில் தொடங்கும் சொற்கள் யாவை?’ என்றே பொறி தேடும். இரண்டாயிரம் சொற்கள் கொண்ட ஓர் ஆவணம் எங்கள் பொறியில் இரண்டு மூன்று நொடிகளில் முடிந்தது. கிளைப் பொறியிலோ இரண்டு மூன்று நிமிடங்கள் ஆயின.

கிளைப் பொறியைக் கவனித்து வந்தவர் மதுரைப் பக்கத்து இளைஞர், ஒப்பந்த ஊழியர். அவருடைய கவனக்குறைவே தாமதத்திற்குக் காரணம் என்றும், புதுப் பொறி வாங்குவது நலம் என்றும் கோப்பில் ஒரு குறிப்பு ஏறியது. அக்குறிப்பை எழுதியவன் நானே. சில நாட்களில் அவர் தொலைபேசியில் என்னை அழைத்தார். “புதுப் பொறி வாங்கினாலும் இதே வழியில்தான் தேடும், ஐயா. வழி எங்கே பிரிகிறது என்று பார்க்க இரண்டு நாள் கொடுங்கள்” என்றார். கொடுத்தேன்.

அவர் செய்ததை விளங்கிக்கொள்ளச் சிறிது வரலாறு வேண்டும். 1970ஆம் ஆண்டில் எட்கர் காட் என்பவர் இன்றைய தரவுத்தள முறைக்கு அடிகோலினார். வேண்டியது யாது என்று மட்டும் நாம் கூறினால் போதும். தேடும் வழியைப் பொறியே தேர்ந்துகொள்ளும் என்பது அம்முறையின் சிறப்பு. அவ்வழியைச் செலவு மதிப்பிட்டுத் தேர்வது எங்ஙனம் என்பதை, 1979இல் ஐ.பி.எம். ஆராய்ச்சியாளர் பட்ரிஷியா செலிஞ்சரும் அவர்தம் குழுவினரும் விளக்கினர். ஆகவே, ஒரே கேள்விக்கு இரு பொறிகள் இருவேறு வழிகளைத் தேர்வதும் கூடும்.

இளைஞர் முதலில் ஒரே கேள்வியைப் பன்முறை கேட்டுப் பார்த்தார். முதன்முறை வட்டிலிருந்து படிக்கும் பொறி, அடுத்த முறை நினைவகத்திலிருந்தே எடுக்கும். ஆதலின் முதல் அளவை நம்பலாகாது. எனினும், எத்தனை முறை கேட்டும் தாமதம் குறையவில்லை. அடுத்து, அமைப்புகளைக் கோப்பில் பாராது, ஓடுகின்ற தரவுத்தளத்தையே கேட்டு ஒப்பிட்டார். கோப்பில் மாற்றிய சில அமைப்புகள் மறுபடி தொடக்கினாலன்றி நடப்புக்கு வாரா. அங்கும் வேற்றுமையில்லை.

மூன்றாவதாகப் புள்ளிவிவரங்களைப் புதுப்பித்தார். எத்தனை வரிகள் உள்ளன, எம்மதிப்பு எத்துணை முறை வருகிறது என்னும் கணக்கைக் கொண்டே பொறி வழியைத் தேர்கிறது. புதிதாக ஏற்றிய படியில் அக்கணக்கு இல்லாமற்போனால் தேர்வு பிழைபடும். நீக்கிய வரிகளின் எச்சம் பழைய அட்டவணையில் மிகுந்திருந்தாலும் வேகம் குன்றும். இங்கு அவையும் காரணமல்ல. ஒவ்வொரு முறையும் அவர் ஒன்றை மட்டுமே மாற்றி அளந்தார் என்பதை நேயர்கள் கருத வேண்டும். நான்கினை ஒருங்கே மாற்றினால், குணப்படுத்தியது எது என்று அறிய இயலாது.

இறுதியில் இரு பொறிகளையும், ‘நீ எவ்வழியில் தேடினாய்?’ என்று கேட்டார். அதற்கென எக்ஸ்பிளெயின் அனலைஸ் என்னும் கட்டளை உண்டு. எங்கள் பொறி இண்டெக்ஸ் வழியே சென்றிருந்தது. நூலின் இறுதியில் உள்ள சொல்லடைவு போன்றது அது. கிளைப் பொறியோ ஒவ்வொரு சொல்லுக்கும் ஐந்து லட்சம் வரிகளையும் முதலிலிருந்து படித்திருந்தது. அங்கும் இண்டெக்ஸ் இருந்தது, பயன்படவில்லை.

காரணம் எழுத்து வரிசை! ஒரு தரவுத்தளத்தைத் தோற்றுவிக்கும்போதே, சொற்களை எம்முறையில் வரிசைப்படுத்துவது என்று குறிக்கப்படுகிறது. எங்களுடையது எழுத்துக்களின் குறியெண் வரிசை. அதில் ஒரே எழுத்துக்களில் தொடங்கும் சொற்கள் அடுத்தடுத்தே நிற்கும். கிளையில் ஒரு மொழியின் அகராதி வரிசை குறிக்கப்பட்டிருந்தது. அதன் விதிகள் சிக்கலானவை. தொடக்கம் ஒத்த சொற்கள் அடுத்தடுத்தே நிற்கும் என்று உறுதி கூற இயலாமையால், பொறி அந்த இண்டெக்ஸை இவ்வகைத் தேடலுக்குக் கொள்வதில்லை. இக்குறிப்பு அமைப்புக் கோப்பில் இராது. ஆகவே கோப்புகளை எத்தனை முறை ஒப்பிட்டாலும் அது கண்ணிற் படவில்லை.

தொடக்க எழுத்துக்களால் தேடுவதற்கென்றே அமைந்த தனிவகை இண்டெக்ஸ் ஒன்றை அவர் சேர்த்தார். அதற்கு ஒரு கட்டளையே போதுமானதாயிற்று. கிளைப் பொறியும் நொடிகளில் விடை தந்தது. புதுப் பொறிக்கான செலவும் மிஞ்சியது.

நான் என் குறிப்பைத் திரும்பப் பெற்று, நடந்ததையும் கண்டவர் பெயரையும் அதே கோப்பில் எழுதினேன். பிந்துகிற பொறியைக் கண்டால், ஆளையோ பொறியையோ மாற்றுமுன், அது சென்ற வழியைக் கேட்டறிவோமாக.