புல்வெட்டும் இயந்திரமும் நமது பாதுகாப்பும்

கோல சிலாங்கூர், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா வட்டாரங்களில் ஒரு காலத்தில் ரப்பர் மரங்களே நிறைந்திருந்தன. இன்று செம்பனை மிகுந்துவிட்டது. எம்மரமாயினும் நிரைகளுக்கிடையே புல் வளரவே செய்யும். அதனை அடக்க முன்னர்ப் பெரிதும் பயன்பட்ட பாராகுவாட் என்னும் நச்சு மருந்து 2020 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் தடைசெய்யப்பட்டது. இந்நிலையில் முதுகில் சுமந்து இயக்கும் புல்வெட்டும் இயந்திரம் நமக்கு உற்ற துணையாகும். ஆனால், முறையறிந்து கையாளாவிடில் அதுவே ஆபத்தாகவும் முடியும்.

எரிபொருள் கலவை

டூ-ஸ்ட்ரோக் எஞ்சினுக்குத் தனி எண்ணெய்த் தொட்டி கிடையாது. பெட்ரோலுடன் கலக்கும் எண்ணெயே அதன் உள்ளுறுப்புகளைத் தேயாமல் காக்கிறது. 25-க்கு 1 என்னும் விகிதமாயின் 5 லிட்டர் பெட்ரோலுக்கு 200 மில்லிலிட்டரும், 50-க்கு 1 ஆயின் 100 மில்லிலிட்டரும் எண்ணெய் சேர்த்தல் வேண்டும். எவ்விகிதம் என்பதை இயந்திரத்தின் கையேட்டில் காணலாம். எண்ணெய் குறைந்தால் பிஸ்டன் இறுகிவிடும். மிகுந்தால் புகை கக்கும். எஞ்சின் சூடாக இருக்கையில் பெட்ரோல் ஊற்றுதல் கூடாது.

வெட்டும் முறை

பெரும்பாலான இயந்திரங்களில் வட்டக்கத்தி இடப்புறமாகச் சுழலும். ஆகவே வலமிருந்து இடமாக வீசி, கத்தியின் இடப்பக்கத்தால் வெட்டுக. முன்பக்கத்தின் வலப்பகுதி கட்டையிலோ கல்லிலோ பட்டால் இயந்திரம் திடீரென எதிர்த்துத் தள்ளும். விரிசல் கண்ட கத்தியைப் பற்றவைத்துப் பயன்படுத்தலாகாது. அதனை எறிந்துவிடுவதே அறிவுடைமை.

சுழலும் கத்தியிலிருந்து சிறு கல்லும் குண்டுபோல் பாயும். எனவே 15 மீட்டர் தொலைவுக்குள் எவரும் நிற்கக்கூடாது. யாரேனும் அருகில் வந்தால் உடனே எஞ்சினை நிறுத்துக.

ரப்பர் மரத்தின் அடியில் இயந்திரத்தை நெருங்கவிடாமல், அங்குள்ள புல்லைக் கைக்கருவியால் அகற்றுதல் நன்று. பட்டையிலேயே பால்குழாய்கள் உள்ளன. அங்குக் காயம் ஆழமாகப் பட்டால், ஆறிய பின்னும் பட்டை முண்டும் முடிச்சுமாகிவிடும். பின்னாளில் அவ்விடத்தில் சீராகப் பால் வெட்ட இயலாது. இன்றைய கவனக்குறைவு நாளைய பால்வெட்டுக்காரரின் வருமானத்தைக் குறைக்கும்.

பராமரிப்பு

கத்தியைத் தொடுமுன் எஞ்சினை நிறுத்தி, ஸ்பார்க் பிளக்கின் மூடியைக் கழற்றிவிடுக. வேலை முடிந்ததும் ஒட்டிய புல்லைத் துடைத்து, காற்று வடிகட்டியின் தூசியைப் போக்கி, ஆணிகளை முடுக்குக. கத்திக்கு மேலுள்ள பல்சக்கரப் பெட்டிக்குக் கையேடு கூறும் காலத்தில் கிரீஸ் இடுக. பல நாள் பயன்படுத்தாதபோது பெட்ரோலை வடித்து வைத்தல் நலம்.

கடமையும் உரிமையும்

கண்ணாடி, முகத்திரை, காதுக்கவசம், கையுறை, கனத்த காலணி ஆகியவை இன்றியமையாதன. வெயிலில் வியர்க்கிறது என்று கண்ணாடியைக் கழற்றி நெற்றியில் ஏற்றிக்கொள்வோர் நம்மிடையே உண்டு. கம்பிவலைத் திரை கல்லைத் தடுக்கும். அதன் கண்களில் நுழையும் தூசியையும் துணுக்குகளையும் கண்ணாடியே தடுக்கும். 1994-ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டப்படி வழங்கப்படும் இத்தகைய கவசங்களுக்கு முதலாளி தொழிலாளியிடம் பணம் பெறுதல் கூடாது. கொடுத்ததை அணிவது தொழிலாளியின் கடமை. காயம் சிறிதாயினும் அன்றே நிர்வாகத்திடம் தெரிவித்துப் பதிவு செய்தால், பின்னர்ச் சொக்சோ உதவி கோருவதற்கு அது துணைபுரியும்.

கண் கெட்ட பின் சூரிய வணக்கம் எதற்கு? காலையில் பத்து நிமிடம் ஒதுக்கி இயந்திரத்தையும் கவசங்களையும் சரிபார்த்த பின்னரே வேலைக்காட்டில் காலெடுத்து வைப்போமாக.