பயிருக்குள் ஒரு பயணம் – 9: வேர் சொல்ல, இலை கேட்கும்

1990களில் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் பீட்டர் டிரை, பிரையன் லவ்விஸ் என்ற இரு ஆய்வாளர்கள் திராட்சைக் கொடியின் வேரை இரண்டாகப் பிரித்து, இரண்டு தொட்டிகளில் இறக்கினார்கள். ஒரு தொட்டிக்குத் தண்ணீர் உண்டு, மற்றதற்குக் கிடையாது. ஈரத்தில் இருந்த வேர், கொடி முழுவதற்கும் தண்ணீர் கொடுத்துக்கொண்டுதான் இருந்தது. இலை வாடவில்லை. ஆனாலும் இலைத்துளைகள் ஓரளவு மூடிக்கொண்டன. கொழுந்து ஓடுவதும் மட்டுப்பட்டது. தண்ணீர் தட்டாமலேயே கொடி சிக்கனத்தில் இறங்கிவிட்டது!

காய்ந்த பக்கத்து வேரிலிருந்து இலைக்குச் சேதி போனதுதான் காரணம். சில நாட்கள் போனால் அந்தச் சேதியின் வேகம் தணிந்துவிடும் என்பதையும் கவனித்தார்கள். அதனால் தோட்டத்தில் வரிசையின் இரு பக்கமும் சொட்டுநீர்க் குழாய் போட்டு, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை பக்கத்தை மாற்றி மாற்றித் தண்ணீர் விட்டார்கள். ஏறக்குறைய பாதித் தண்ணீரில் விளைச்சல் பெரிதாகக் குறையாமல் வந்தது. சீனாவின் கான்சூ மாகாணத்தில் மக்காச்சோளத்துக்கு ஒரு சால் விட்டு ஒரு சால் மாற்றிப் பாய்ச்சியபோதும் இதே பலன்தான்.

இந்தச் சிக்கனத்தின் சூத்திரதாரி அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோன். 1960களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவில் பருத்திக் காய் ஏன் உதிர்கிறது என்று தேடிய அடிகாட் குழுவும், பிரிட்டனில் மர மொட்டுகள் ஏன் உறங்குகின்றன என்று தேடிய வேரிங் குழுவும் தனித்தனியே இதை எட்டின. 1969இல்தான் வறட்சியோடு இதற்குள்ள உறவு துலங்கியது. கோதுமை இலையைப் பறித்து வாடவிட்டால், அதில் இந்த அமிலம் பல மடங்கு பெருகியது.

‘ஃபிளாக்கா’ என்றொரு தக்காளிச் செடி உண்டு. மரபணுக் கோளாறால் இந்த அமிலம் அதற்குப் போதிய அளவு சுரக்காது. மண்ணில் ஈரம் இருந்தாலும் துளைகளை மூடத் தெரியாமல் துவண்டு தொங்கும். அமிலத்தைத் தெளித்தால் நிமிர்ந்துவிடும்.

மூடும் வேலை எப்படி நடக்கிறது? ஒவ்வொரு இலைத்துளைக்கும் இருபுறமும் இரண்டு காப்புச் செல்கள். அப்சிசிக் அமிலம் வந்து அங்குள்ள ஏற்பியில் ஒட்டியதும் செல்லிலிருந்து பொட்டாசியம் வெளியேறுகிறது. அதன் பின்னாலேயே தண்ணீரும் போகிறது. காற்றுப் போன டியூபைப் போல இரு செல்களும் தளர, நடுவிலுள்ள துளை மூடிக்கொள்கிறது. எல்லாம் சில நிமிடங்களில். அந்த ஏற்பி எது என்பது 2009இல்தான் பிடிபட்டது.

வேரிலிருந்து போகும் சேதி இந்த அமிலமேதான் என்று நெடுநாள் நம்பினார்கள். விஷயம் அவ்வளவு எளிதல்ல. அராபிடாப்சிஸ் செடியில் வேர், சிஎல்இ25 என்ற சிறு பெப்டைடை அனுப்புகிறது. அது இலைக்கு வந்தபின் இலையே அமிலத்தைத் தயாரித்துக்கொள்கிறது என்று ஜப்பானின் ரிகென் ஆய்வு நிறுவனம் 2018இல் காட்டியது.

துளையை மூடினால் தண்ணீர் மிஞ்சும். ஆனால் கரியமில வாயு உள்ளே வராது, உணவுத் தயாரிப்பு படுத்துவிடும், இலையும் சூடேறும். ஆகவே அப்சிசிக் அமிலம் ஒன்றே போதாது. ஈரத்தைத் தேடிப் போவது வேரின் பாடு, அங்கே ஆக்சின் என்ற ஹார்மோன் வருகிறது. பிலிப்பைன்ஸின் மானாவாரி நெல்லான கினாண்டாங் பாடோங்கிலிருந்து டிஆர்ஓ1 என்ற மரபணுவை எடுத்து, மேலாக வேர்விடும் ஐ.ஆர்.64 ரகத்தில் ஒட்டுச் சேர்க்கை வழியே சேர்த்தது ஒரு ஜப்பானியக் குழு. ஆக்சினுக்குக் கட்டுப்பட்ட அந்த மரபணு வேரைக் கீழ்நோக்கி இறக்கியது. வறட்சியில் அந்த நெல் ஐ.ஆர்.64ஐ விடக் கணிசமாக அதிகம் விளைந்ததை அவர்கள் 2013இல் வெளியிட்டார்கள்.

இலையைப் பச்சை மாறாமல் காப்பது சைட்டோகைனின் என்ற இன்னொரு ஹார்மோன். வறட்சியில் இதன் உற்பத்தி குறையும், இலை முதிர்ந்து பழுக்கும். வறட்சி தொடங்கும்போது இதைக் கூடுதலாகச் சுரக்கும்படி மாற்றிய புகையிலைச் செடிகள், வழக்கமான தண்ணீரில் 30 சதவீதம் மட்டும் கிடைத்தபோதும் அதிக இழப்பின்றித் தாக்குப்பிடித்ததாக 2007இல் கலிஃபோர்னிய ஆய்வாளர்கள் எழுதினார்கள்.

தமிழ்நாட்டு விவசாயிக்கு இதில் கைக்கெட்டியது, கோவை வேளாண் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கும் பிபிஎஃப்எம் கரைசல். இலைமேல் வாழும் மெத்திலோபாக்டீரியம் என்ற இளஞ்சிவப்பு நுண்ணுயிர் அதில் இருக்கிறது. சைட்டோகைனினையும் ஆக்சினையும் அதுவே சுரக்கிறது. பயிர் கருகிய பிறகு தெளித்துப் பயனில்லை. வறட்சி தட்டத் தொடங்கும்போதே காலையிலோ மாலையிலோ தெளிக்க வேண்டும். உயிருள்ள சரக்கு என்பதால் பூச்சிமருந்தோடு கலந்துவிடாதீர்கள்.

(தொடரும்)