குழந்தைத் துணிக்கு எந்தத் தண்ணீர்? எந்தச் சோப்பு?

ஏம்பலத்திலிருந்து கைக்குழந்தையோடு வந்த தாய்க்கு ஒரே கவலை. "ஐயா, புள்ளைக்குத் தொடையிடுக்கெல்லாம் செவந்து கெடக்கு. எண்ணெய் ஒத்துக்கலையா?" இடுப்புத்துணியைத் தொட்டுப் பார்த்தேன், மொடமொட என்றிருந்தது. போர் தண்ணீரில் சோப்புப் போட்டுத் துவைக்கிறாராம்.

உப்புத் தண்ணீரிலுள்ள சுண்ணாம்புச் சத்தும் சோப்பும் சேர்ந்தால் திரிந்து, துணியிலேயே படிந்துவிடும். நுரை வரலையே என்று இன்னும் தேய்ப்பீர்கள்; படிவும் கூடும். அந்த முரட்டுத்துணி ஈரத்தோடு உரசினால் பிஞ்சுத்தோல் என்ன ஆகும்?

இத்தகைய தண்ணீருக்குச் சோப்பைவிட, வாசனை சேர்க்காத பவுடர் தேவலை. கொஞ்சமாகப் போட்டு, மூன்று தண்ணீர் அலசி, வெயிலில் உலர்த்துங்கள். கடைசி அலசலுக்கு மழைத்தண்ணீர் கிடைத்தால் விடாதீர்கள். துணிப்பெட்டியில் பாச்சை உருண்டை மட்டும் வேண்டவே வேண்டாம்! சில குழந்தைகளுக்கு அதனால் ரத்த அணுக்கள் சிதைந்து காமாலை வரும்.

சரி, குடிக்க எந்தத் தண்ணீர்? ஆறு மாதம்வரை எதுவும் வேண்டாம். தாய்ப்பாலே போதும், சித்திரை வெயிலிலும்கூட.