48 மணி நேரக் கெடு

ஒரு நாடு இன்னொரு நாட்டுக்குக் கெடு விதித்தால், சிக்கிக்கொண்டது கெடுவை வாங்கிய நாடுதான் என்று நினைப்பது வழக்கம். 1914 ஜூலையில் ஆஸ்திரியா-ஹங்கேரி செர்பியாவுக்கு விதித்த கெடுவைப் பார்த்தால், விதித்தவரின் கையும் அதே கயிற்றில் கட்டப்பட்டிருந்தது தெரிகிறது. ஜூன் 28 அன்று சரயேவோவில் ஆஸ்திரியப் பட்டத்து இளவரசர் ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்ட் சுட்டுக் கொல்லப்பட்டார்; பழி செர்பியாவின் மேல் விழுந்தது. ஜூலை 7 அன்று வியன்னாவில் கூடிய அமைச்சர்களில் ஹங்கேரியப் பிரதமர் டிசாவைத் தவிர மற்றவர்கள், செர்பியா மறுத்தே தீரவேண்டிய அளவுக்குக் கடுமையான நிபந்தனைகளை விரும்பினார்கள். எது நடந்தாலும் துணை நிற்பதாக ஜெர்மனி அதற்கு முன்பே வாக்குக் கொடுத்திருந்தது. பிரெஞ்சு அதிபர் புவான்காரே ரஷ்யத் தலைநகரைவிட்டுக் கிளம்பும்வரை காத்திருந்து, 23-ஆம் தேதி மாலை ஆறு மணிக்குப் பெல்கிரேடில் கடிதத்தைக் கொடுத்தார்கள். செர்பியாவை ஆதரித்த ரஷ்யாவும் அதன் கூட்டாளி பிரான்சும் நேரில் கலந்து பேசிவிடக் கூடாது என்பதே கணக்கு. பதில் சொல்ல 48 மணி நேரம்.

கடிதத்தில் பத்து கோரிக்கைகள். ஆஸ்திரியாவுக்கு எதிரான பத்திரிகைகளை அடக்கு, வியன்னா குறிப்பிடும் அதிகாரிகளை நீக்கு என்று நீளும் பட்டியலில் ஆறாவதுதான் முள். கொலை தொடர்பான விசாரணையில், செர்பிய மண்ணிலேயே ஆஸ்திரிய அதிகாரிகள் பங்கேற்க வேண்டும் என்றது அது. செர்பியா பெரும்பகுதிக்கு இணங்கியது, சிலவற்றில் மழுப்பியது, ஆறாவதை, அரசியல் சட்டம் இடம் தராது என்று மறுத்தது. பதிலை வாங்கிப் பார்த்த ஆஸ்திரியத் தூதர் கீஸ்ல் அன்று மாலை ஆறரை மணி ரயிலிலேயே ஊரைவிட்டுக் கிளம்பிவிட்டார். ஜூலை 28 அன்று அந்தப் பதிலைப் படித்த ஜெர்மன் பேரரசர் வில்லியம், போருக்கு இனிக் காரணமே இல்லை என்று எழுதிவைத்தார். வியன்னா போர் அறிவித்ததும் அதே நாள்தான். முழுவதையும் ஏற்க வேண்டும் என்று உலகறியச் சொல்லிவிட்டவர்களுக்கு, முக்கால்வாசி கிடைத்ததும் தோல்வியாகவே தெரிந்தது.

வியன்னா எப்படியும் போரைத்தானே விரும்பியது, கடிதம் வெறும் சாக்கு என்று ஒருவர் கேட்கலாம். பாதி உண்மை. அவர்கள் விரும்பியது செர்பியாவுடன் ஒரு சிறு போர். அதைப் பெரும் போராக்கியதில் கடிகாரத்துக்குப் பங்கு உண்டு. கெடுவை நீட்டிக்க ரஷ்யா கேட்டது, வியன்னா மறுத்தது. நான்கு வல்லரசுகள் கூடிப் பேசலாம் என்று லண்டன் சொன்னபோது கெடுவே முடிந்திருந்தது. ரஷ்யா ஜூலை 30 அன்று முழுப் படைதிரட்டலுக்கு ஆணையிட்டது. ரயில் அட்டவணையை நம்பிப் போர்த்திட்டம் தீட்டியிருந்த ஜெர்மனிக்கு ஒரு நாள் தாமதமும் ஆபத்தாகப் பட்டது. மறுநாளே ரஷ்யாவுக்கு 12 மணி நேரக் கெடு, பிரான்சுக்கு 18 மணி நேரம். ஆகஸ்ட் 2 அன்று பெல்ஜியத்துக்கு 12 மணி நேரம். ஆகஸ்ட் 4 இரவு பிரிட்டன் ஜெர்மனிக்கு விதித்த கெடுவும் முடிந்தது. செப்டம்பர் 22 அன்று ஜெர்மனியின் எம்டன் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்க் கிடங்குகளைச் சுட்டபோது, செர்பியா எங்கே இருக்கிறது என்று தெரியாதவர்களும் மூட்டை கட்டினார்கள்.

கெடு விதித்துப் போரின்றிக் காரியம் சாதித்ததும் உண்டே என்பது வலுவான மறுப்பு. 1962-இல் கியூபாவிலிருந்து ஏவுகணைகளை அகற்ற மறுநாளுக்குள் சம்மதம் வேண்டும் என்று அமெரிக்க அதிபரின் தம்பி ராபர்ட் கென்னடி சோவியத் தூதர் டோப்ரினினிடம் சொன்னார். இது கெடு அல்ல என்றும் சொல்லிக்கொண்டார்! ஆனால் கியூபாவைத் தாக்கமாட்டோம் என்ற உறுதியும், துருக்கியிலுள்ள அமெரிக்க ஏவுகணைகள் அகற்றப்படும் என்ற ரகசிய வாக்கும் கூடவே இருந்தன. கியூபாவைக் காப்பாற்றிவிட்டோம் என்று சோவியத் தலைவர் குருஷ்சேவ் தம் மக்களிடம் சொல்ல முடிந்தது. 1914 கடிதத்தில் அப்படி ஒரு வாசல் இல்லை.

இன்னொரு வெற்றி 1913 அக்டோபரில் கிடைத்தது. அல்பேனியாவைவிட்டு எட்டு நாளில் வெளியேறு என்று வியன்னா மிரட்டியதும் செர்பியா வெளியேறியது. கோரிக்கை தெளிவானது, செய்யக்கூடியது, அவகாசமும் இருந்தது. ஆனால் இத்தகைய வெற்றிகளின் கடன் பிறகுதான் வசூலாகிறது. மிரட்டினால் பணிவார்கள் என்று வியன்னா பாடம் கற்றது. 1909-இல், ஆஸ்திரியா போஸ்னியாவை இணைத்துக்கொண்ட விவகாரத்தில் ஜெர்மனியின் நெருக்குதலுக்குப் பணிந்த ரஷ்யாவோ நேர்மாறான பாடம் கற்றிருந்தது. 1914 ஜூலை 24 அன்று கூடிய ரஷ்ய அமைச்சரவையில், இதுவரை விட்டுக்கொடுத்ததால் பயனில்லை, உறுதியாக நிற்பதே வழி என்று வேளாண் அமைச்சர் கிரிவோஷெய்ன் வாதிட்டார். அவையும் அவர் பக்கமே சாய்ந்தது.