மெலிந்த வில்லில் தொடங்கும் வித்தை

வில்வித்தை என்றதும் எமது மனக்கண்ணில் முதலில் தோன்றுவது புயவலிமையே. வலியவன் கையில் வலிய வில் என்பது காவியங்கள் எமக்குப் பழக்கிவிட்ட காட்சி. இக்கலையைப் புதிதாகப் பயில முன்வருவோரும் பெரும்பாலும் அந்த எண்ணத்துடனேயே வருகின்றனர். தம்மால் இயன்றதிலும் கடினமான வில்லைத் தெரிவு செய்து, தோள் நோவுடன் பயிற்சியைக் கைவிடுவோர் பலர். ஆனால், இக்கலையை நூற்றாண்டுக் கணக்கில் பேணி வளர்த்த உஸ்மானியத் துருக்கியர், தொடக்கநிலையாளரின் கையில் முதலில் கொடுத்தது மிக மெலிந்த வில்லையே ஆகும்.

1453 இல் கொன்ஸ்தாந்திநோபிளைக் கைப்பற்றிய சுல்தான் இரண்டாம் முஹம்மத், அந்நகரில் ‘ஒக்மெய்தானி’ எனும் திடலை வில்லாளருக்கென ஒதுக்கினார். அம்பெய்தலை நபிகளார் ஊக்குவித்தமையால், அது போர்ப் பயிற்சியாக மட்டுமன்றி நற்செயலாகவும் கருதப்பட்டது. நபித்தோழர் ஸஃத் பின் அபீ வக்காஸ் (ரழி) அவர்களை வில்லாளர்கள் தமது முன்னோடியாகப் போற்றினர். சுல்தான் இரண்டாம் மஹ்மூதின் பணிப்பின் பேரில் முஸ்தபா கானி தொகுத்த நூல் 1847 இல் அச்சேறியது. அம்மரபின் பயிற்சி முறைகளை நாம் அறிய அந்நூல் பெரிதும் உதவுகின்றது.

பயிற்சியின் முதற்படி ‘கெபாஸெ’ எனப்படும் இலகுவான வில்லாகும். மாணவன் அம்பே இன்றி அதனை மீண்டும் மீண்டும் இழுத்து, நிற்கும் நிலையையும் கைகளின் ஒழுங்கையும் உடலில் பதித்துக்கொள்வான். அதன் பின்னரே மிக அண்மையில் வைக்கப்பட்ட பொதியொன்றின் மீது அம்பெய்ய அனுமதி கிடைக்கும். வில்லின் வலிமை படிப்படியாகக் கூட்டப்படும். ஈற்றில் 900 ‘கெஸ்’, அதாவது சுமார் 594 மீற்றர் தூரத்துக்குச் சாட்சிகள் முன்னிலையில் அம்பைச் செலுத்தியவனே ‘கபஸா’ எனும் அங்கீகாரத்தைப் பெற்றான். குரு வில்லின் கைப்பிடியை அவனிடம் ஒப்படைத்து, காதில் இரகசியமாக உபதேசம் செய்வது வழக்கம்.

இன்று பயிலத் தொடங்குவோருக்கும் இந்த ஒழுங்கே பொருந்தும். வில்லை இழுக்கத் தேவைப்படும் விசை இறாத்தலில் குறிக்கப்படுகின்றது. பொதுவாக இது 28 அங்குலம் இழுக்கும்போதுள்ள அளவாகும். நீண்ட கைகளை உடையவர் அதனிலும் கூடுதலாக இழுப்பதால், அவர் உணரும் விசையும் அதிகரிக்கும். வளர்ந்தவர் ஒருவர் 20 முதல் 25 இறாத்தல் வரையான வில்லுடன் தொடங்குவதே நலம். வில் கடினமானால் முதுகுத் தசைகள் செய்யவேண்டிய வேலையைக் கைகளும் தோள் மூட்டும் சுமக்கின்றன. உடல் வளைந்து ஈடுகொடுக்க முற்படுகின்றது. அந்தப் பிழை பழக்கமாகிவிட்டால் பின்னர் திருத்துவது எளிதன்று.

துருக்கிய முறையில் நாண் பெருவிரலால் இழுக்கப்படுகின்றது. அவ்விரலைக் காக்க ‘ஸிஹ்கிர்’ எனும் மோதிரம் அணியப்படும். வலக்கையால் நாணை இழுப்பவர் அம்பை வில்லின் வலப்புறத்தில் வைக்க வேண்டும். ஒலிம்பிக் போட்டிகளில் நாம் காணும் மூவிரல் முறையில் அம்பு இடப்புறத்தில் அமையும். இரண்டையும் கலந்து பழகுவது குழப்பத்துக்கே வழிவகுக்கும்.

முற்காலத்தில் மரம், கொம்பு, விலங்கின் தசைநார் ஆகியவற்றைப் பசையால் இணைத்து வில் செய்தனர். இன்று கண்ணாடியிழை வில்லே தொடக்கத்துக்குப் போதுமானது. ஆயினும், அதனை முழுமையாக இழுத்து, அம்பின்றி நாணை விடுவிக்கலாகாது. அம்பைச் சென்றடைய வேண்டிய ஆற்றல் வில்லையே தாக்கி அதனைப் பிளந்துவிடக்கூடும். இழுத்த நாணைக் கையாலேயே மெதுவாகத் திரும்பக் கொண்டுவர வேண்டும். விரிசல் கண்ட அம்பையும் எய்தலாகாது. இலக்குக்கு முன்னும் பின்னும் எவருமில்லை என்பதை உறுதிசெய்யாமல் நாணில் அம்பைப் பொருத்தவும் கூடாது. முதல் வாரங்களில் இலக்கு ஐந்து முதல் பத்து மீற்றருக்குள் இருப்பதே போதுமானது. இவற்றை அருகிருந்து கண்காணித்துத் திருத்தும் பயிற்றுநர் ஒருவர் இன்றியமையாதவர்.

2019 ஆம் ஆண்டில் துருக்கிய மரபுவழி வில்வித்தையை யுனெஸ்கோ நிறுவனம் மனித குலத்தின் தொட்டுணர முடியாத கலாசார மரபுரிமைகளின் பட்டியலில் சேர்த்தது. இன்றைய துருக்கி மொழியிலோ ‘கெபாஸெ’ என்னும் சொல் இழிவுக்குரியவனைக் குறிக்கும் வசைச்சொல்லாக வழங்குகின்றது. எவர் கையிலும் புழங்கிய மெலிந்த வில்லுக்கு உலகம் அளித்த மதிப்பு அவ்வளவுதான். ஆனால், ஒக்மெய்தானியில் அம்பு சென்று வீழ்ந்த தூரத்தைக் கல் நாட்டிப் பொறித்துச் சென்ற பெருவில்லாளர்களும் அந்த வில்லைத் தொட்டே தொடங்கினர். இலகுவான வில்லை ஏந்துவதற்கு நாணுபவர் வலிய வில்லுக்குத் தகுதி பெறுவதில்லை.