ஈரானியத் தற்காலக் கலையில் மறைமுக வன்முறை

ஈரானியத் தற்காலக் கலையில் மறைமுக வன்முறை என்பது போர், சித்திரவதை, அடக்குமுறை முதலியவற்றை நேரடியாகக் காட்டாமல், வீட்டுப் பொருட்கள், அலங்கார வடிவங்கள், அன்றாடப் பழக்கங்கள் ஆகியவற்றுக்குள் வைத்துக் காட்டும் படைப்புப் போக்கைக் குறிக்கும். இது ஓர் இயக்கம் அன்று. இதற்கெனக் கொள்கை அறிக்கையோ அமைப்போ இல்லை. 1990களின் இறுதியிலிருந்து தனித்தனியே பணியாற்றிய சில கலைஞர்களின் ஆக்கங்களில் இப்பொதுத்தன்மை காணப்படுகின்றது. இவற்றைப் பார்ப்பவருக்கு முதலில் அழகோ வழக்கமான காட்சியோ தெரியும். சற்றுத் தாமதித்தே அதனுள் இருக்கும் வன்முறை புலப்படும்.

பின்னணி

1979 ஆம் ஆண்டுப் புரட்சியை அடுத்து ஈரானில் இசுலாமியக் குடியரசு நிறுவப்பட்டது. 1980 செப்டம்பரில் ஈராக் படையெடுத்தது. அப்போர் 1988 ஆகஸ்ட் வரை நீடித்தது. கீழே குறிப்பிடப்படும் ஒளிப்படக் கலைஞர்கள் அக்காலத்தில் குழந்தைகளாக இருந்தவர்கள். அவர்கள் போரைப் போர்முனையில் அன்றி வீட்டிலிருந்தே அறிந்தனர்.

வீட்டுக்குள் போர்

ஷாதி காதிரியான் 1974 ஆம் ஆண்டு தெஹ்ரானில் பிறந்தவர். 2008 இல் இவர் எடுத்த ‘நில், நில்’ என்னும் ஒளிப்படத் தொடரில் மனிதர் எவரும் இல்லை. பழக்கிண்ணத்தில் பழங்களோடு ஒரு கையெறிகுண்டு கிடக்கின்றது. பெண்ணின் தலைத்துணிக்குப் பக்கத்தில் இராணுவத் தலைக்கவசம் மாட்டப்பட்டுள்ளது. சிவப்பு நிறக் குதிகால் செருப்புகளுக்கு அருகே இரத்தக்கறை படிந்த படைவீரரின் காலணிகள் உள்ளன. வெளிச்சமும் ஒழுங்கும் விளம்பரப் படத்தில் உள்ளவை போன்றே அமைந்திருப்பதால், போர்க்கருவி அவ்வீட்டில் நெடுநாள் புழங்கும் பொருளாகவே தோன்றுகின்றது.

இவரது முந்தைய தொடரான ‘எல்லா நாளும் போல’ (2000-2001), இவரது திருமணத்திற்கு வந்த பரிசுப் பொருட்களிலிருந்து பிறந்தது. பூப்போட்ட சாதர் அணிந்த பெண்ணுருவங்களின் முகம் இருக்க வேண்டிய இடத்தில் துடைப்பம், இஸ்திரிப்பெட்டி, தேநீர்க் கோப்பை, இரப்பர்க் கையுறை ஆகியவை உள்ளன. மேற்கு நாடுகளில் இத்தொடர் பெரும்பாலும் சாதரைப் பற்றியதாகவே வாசிக்கப்பட்டது. அவ்வாசிப்பு போதுமானதன்று. முகத்தை மறைப்பது துணி அன்று, சமையலறைப் பொருளே. எந்நாட்டு வீட்டிற்கும் இது பொருந்தும்.

கோஹர் தஷ்தி, போர் தொடங்கிய 1980 ஆம் ஆண்டிலேயே, ஈராக் எல்லையை ஒட்டிய கூசிஸ்தான் மாகாணத்தின் அஹ்வாஸ் நகரில் பிறந்தார். ‘இன்றைய வாழ்வும் போரும்’ (2008) என்னும் இவரது தொடரில் ஓர் இளந்தம்பதியர் போர்க்களத்தில் குடித்தனம் நடத்துகின்றனர். சிதைந்த மகிழுந்து மணமக்கள் ஊர்தியாகின்றது. முள்வேலி துணி உலர்த்தும் கொடியாகின்றது. இருவர் முகத்திலும் அச்சமோ வியப்போ இல்லை.

ஒலியற்ற பாடல்

புரட்சிக்குப் பின் ஈரானில் ஆண்களும் அமர்ந்திருக்கும் அவையில் பெண்கள் தனித்துப் பாடத் தடை விதிக்கப்பட்டது. நியூஷா தவக்கோலியான் (பிறப்பு 1981) தமது ‘கேள்’ (2010) என்னும் ஆக்கத்தில் தொழில்முறைப் பாடகியர் அறுவரைப் பாடும் நிலையிலேயே படம் எடுத்தார். காணொளியில் அவர்களது வாய் அசைகின்றது, ஒலி இல்லை. வெளிவராத அவர்களது பாடல்களுக்கு அவர் குறுந்தட்டு உறைகளையும் வடிவமைத்தார். அவ்வுறைகளுக்குள் தட்டுகள் இல்லை.

அலங்காரமும் கொலையும்

பரஸ்தூ ஃபொரூஹர் 1962 இல் தெஹ்ரானில் பிறந்து, 1991 முதல் ஜெர்மனியில் வாழ்ந்து வருபவர். இவரது பெற்றோரான தாரியூஷ் ஃபொரூஹரும் பர்வானே ஃபொரூஹரும் அரசை விமர்சித்த அரசியலாளர்கள். தாரியூஷ் 1979 இன் இடைக்கால அரசில் தொழிலாளர் அமைச்சராக இருந்தவர். 1998 நவம்பரில் இருவரும் தெஹ்ரானில் தம் வீட்டிலேயே கத்தியால் குத்திக் கொல்லப்பட்டனர். எழுத்தாளர்களும் பலியான ‘தொடர் கொலைகள்’ எனப்படும் நிகழ்வுகளுள் இதுவும் ஒன்று. தனது பணியாளர் சிலர் இவற்றில் ஈடுபட்டதாக 1999 சனவரியில் உளவுத்துறை அமைச்சகமே ஒப்புக்கொண்டது.

பரஸ்தூவின் ‘ஆயிரத்தொரு நாள்’ சுவர்த்தாளாக அச்சிடப்படும் கணினி வரைபடம் ஆகும். தொலைவிலிருந்து நோக்கினால் பாரசீக நுண்ணோவியத்தை நினைவூட்டும் இனிய கோலமாகத் தெரிகின்றது. நெருங்கினால், முகமற்ற உருவங்கள் கட்டப்படுவதும் அடிக்கப்படுவதும் தெரிகின்றன. வதைப்பவருக்கும் முகம் இல்லை, வதைபடுபவருக்கும் இல்லை. கோலம் என்பது ஒரே வடிவம் பிழையின்றித் திரும்ப வருவதால் உண்டாவது. அதில் விலகி நிற்கும் உருவுக்கு இடமில்லை. அழகின் விதியே இங்கு ஒடுக்குமுறையின் விதியாகவும் ஆகிவிடுகின்றது. பட்டாம்பூச்சி வடிவிலும் இவர் இத்தகைய படங்களை ஆக்கியுள்ளார். பாரசீக மொழியில் ‘பர்வானே’ என்றால் பட்டாம்பூச்சி. அதுவே இவரது தாயின் பெயர்.

தணிக்கையா, தேர்வா?

ஈரானுக்குள் கலைஞர்கள் தணிக்கைக்கு அஞ்சியே மறைமுகமாகப் பேசுகின்றனர் என்பது பரவலான விளக்கம். அதில் ஓரளவு உண்மை உண்டு. ஆயினும் ஜெர்மனியில் அத்தணிக்கைக்கு உட்படாத ஃபொரூஹரும் இதே வழியையே கையாண்டமைக்கு அது விடை ஆகாது. குருதி தோய்ந்த படத்தைக் கண்டவர் உடனே முகத்தைத் திருப்பிக்கொள்ள இயலும். கோலத்தை இரசித்தவரோ, அதில் இருப்பது இன்னதென்று அறியுமுன்பே இரசித்து முடித்திருப்பார்.

அதே ஃபொரூஹர் பெற்றோரின் கொலை வழக்கைக் கூற முற்பட்டபோது அலங்காரத்தை அடியோடு கைவிட்டார். ‘ஆவணப்படுத்தல்’ என்னும் அவ்வாக்கத்தில் கடிதங்களும் செய்தி நறுக்குகளும் ஒரு நகலெடுக்கும் இயந்திரமும் மட்டுமே வைக்கப்பட்டுள்ளன. பார்வையாளர்கள் வேண்டியவற்றை நகலெடுத்துக்கொண்டு செல்லலாம்.