கொடுத்த விலையா, கொள்ளும் விலையா?

2022 மார்ச் மாதத் தொடக்கத்தில் ஒரு டொலரின் பெறுமதி ஏறத்தாழ 200 ரூபா. மே மாதத்தில் அது 360 ரூபா அளவுக்கு உயர்ந்தது. இதற்கிடையில், ஏப்ரல் 8ஆம் திகதி மத்திய வங்கி தனது கொள்கை வட்டி வீதங்களை ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளிகளால் கூட்டியது. இறக்குமதிச் சாமான்களை நம்பிக் கடை நடத்தும் நம்மைப் போன்றவர்களுக்குக் கொள்வனவு விலையும் கடன் செலவும் ஒன்றாக ஏறின.

அந்த மாதங்களில் நான் கண்ட ஒரு விடயத்தை இங்கு விளக்க விரும்புகிறேன். பல கடைகளில் வியாபாரம் மும்முரமாக நடந்தது. கல்லாப்பெட்டியும் நிறைந்தது. ஆனால் சில மாதங்களில் அதே கடைகளின் இறாக்கைகள் வெறுமையாகின. காரணம் என்ன?

ஒரு வியாபாரி 1,000 ரூபாவுக்கு வாங்கிய 100 பொருட்களை 1,200 ரூபா வீதம் விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கையில் 120,000 ரூபா. இலாபம் 20,000 என்று கொப்பியில் எழுதுகிறார். மறுநாள் மொத்தக் கடைக்குப் போனால் அதே பொருளின் விலை 1,700 ரூபா. அந்தப் பணத்துக்கு 70 பொருட்களே கிடைக்கும். கொப்பியில் இலாபம், ஆனால் சரக்கில் 30 குறைவு. அவர் தின்றது இலாபத்தை அல்ல, கைமுதலை.

2023இல் இதன் மறுபக்கத்தைப் பார்த்தோம். மார்ச் மாதத்திலிருந்து ரூபா வலுவடைந்து, ஜூனில் டொலர் 300 ரூபா அளவுக்கு இறங்கியது. கூடிய விலைக்கு வாங்கியவர்கள், “நான் கொடுத்த காசு வரும்வரை விற்கமாட்டேன்” என்று சரக்கைப் பூட்டி வைத்தார்கள். பக்கத்துக் கடைக்காரர் புதிய சரக்கைக் குறைந்த விலைக்கு விற்றார். வாடிக்கையாளர்கள் அங்கே போனார்கள்.

இரண்டு பிழைகளுக்கும் வேர் ஒன்றுதான். நாம் கொடுத்த விலை முடிந்துபோன கதை. அதை யாராலும் மாற்ற முடியாது. இன்று எடுக்கும் முடிவுக்கு, மீண்டும் கொள்ளும் விலையே அளவுகோல். இது விளங்காததல்ல. கசப்பாக இருப்பதால் மனம் அதைப் பார்க்க மறுக்கிறது. விலையைக் கூட்டினால் வாடிக்கையாளர் முகம் சுளிப்பார். குறைத்தால் நட்டத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டும் கஷ்டம். அந்தக் கஷ்டத்தை இன்று சிறிதாக ஏற்றுக்கொள்ளாவிட்டால் நாளை பெரிதாக வந்து சேரும்.

“பழைய விலைக்கு வாங்கியதைப் புதிய விலைக்கு விற்பது நியாயமா?” என்று சிலர் கேட்கலாம். நல்ல கேள்வி. ஏறும்போது கூட்டுபவர் இறங்கும்போதும் உடனே குறைத்தால் அது நியாயமாகும். ஏற்றத்தில் மட்டும் இன்றைய விலை பேசிவிட்டு, இறக்கத்தில் நேற்றைய விலையைக் காட்டுபவரை ஊர் மறக்காது. பொருளில் அதிகூடிய சில்லறை விலை அச்சிடப்பட்டிருந்தால், அதற்கு மேல் விற்கச் சட்டமும் இடமளிக்காது. அத்தகைய சரக்கில் கிடைப்பதைப் பெற்று, அந்தக் குறைவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

நான் கடைப்பிடிக்கும் முறை எளியது. வாரத்தில் ஒரு நாள், அதிகம் விற்பனையாகும் பத்துப் பொருட்களின் இன்றைய மொத்த விலையைக் கேட்டு, வாங்கிய விலைக்குப் பக்கத்தில் எழுதுகிறேன். பிறகு ஒரேயொரு கேள்வி: “இந்தச் சரக்கு என்னிடம் இல்லாமல், இதன் பெறுமதி கையில் பணமாக இருந்தால், இதை இன்று வாங்குவேனா?” ஆம் என்றால் வைத்திருப்பேன். இல்லை என்றால், நட்டமானாலும் விற்றுப் பணத்தை ஓடும் சரக்கில் போடுவேன்.

இறாக்கையில் தூசு படிந்து கிடக்கும் பணத்துக்கும் கடை வாடகை போய்க்கொண்டேதான் இருக்கிறது. நாளை கடை திறந்ததும் அந்தப் பத்துப் பொருட்களை எழுதிப் பாருங்கள்.